கலைக்கக் கூடாத கூடு

எங்கள் வீட்டில் பூச்சிகளுக்கு எமன் நான்தான். கல்யாணமாகி விருத்தாசலம் வந்த நாளிலிருந்தே அந்த வேலை என் தலையில் விழுந்துவிட்டது. கரப்பான்பூச்சியைக் கண்டால் என் வீட்டுக்காரர் கட்டில்மேல் ஏறி நிற்பார். சூளைக்குப் பக்கத்தில் நின்று அத்தனை அனலைத் தாங்குகிற மனுஷன், ஒரு கரப்பானுக்கு அப்படி அலறுவார். என் மாமியாரோ, “அது பாட்டுக்குப் போவுது, வுடு புள்ள” என்பார். நான்தான் துடைப்பக்கட்டையோடு அடுப்புமேடைக்கு அடியில் குனிவேன். சுவரோரம் எறும்புச் சாக்பீஸால் கோடு, நிலைக்கதவில் கரையான் ஏறினால் மண்ணெண்ணெய், கொசுவுக்கு வேப்பிலைப் புகை என்று ஒவ்வொன்றுக்கும் என்னிடம் ஒரு வைத்தியம் இருந்தது. எனக்குக் கையும் நீளம், வாயும் நீளம் என்று மாமியார் தெருவில் சொல்லிக்கொண்டு திரிந்ததில் பொய் ஒன்றும் இல்லை.

பீங்கான் தொழிற்பேட்டைக்குப் பின்புறத் தெருவில் எங்கள் வீடு. என் வீட்டுக்காரருக்கு அங்கே ஒரு கம்பெனியில் சூளை வேலை. நான் இன்னொரு கம்பெனியில் பொம்மைகளுக்குக் கண் எழுதிக்கொண்டிருந்தேன். வெயில் காலத்தில் பேட்டையிலிருந்து வெள்ளைத் தூசி பறந்து வந்து துவைத்த துணியில் எல்லாம் படியும். அந்தத் தூசியோடு மல்லுக்கட்டியே எனக்குப் பாதிக் கோபம் வந்தது. மீதிக் கோபம் ஒரு வார்த்தையால் வந்தது. “என்னம்மா, விசேஷம் ஏதாவது உண்டா?”

பஸ்ஸில் கேட்பார்கள், ரேஷன் கடையில் கேட்பார்கள், துக்க வீட்டில் பிணத்தை வைத்துக்கொண்டும் கேட்பார்கள். எனக்கு ஒன்று உண்டாகித் தங்காமல் போயிருந்தது. அதற்குப் பிறகு வருஷங்கள் ஓடியும் ஒன்றும் இல்லை. என் மாமியார் மட்டும் அந்தக் கேள்வியைக் கேட்க மாட்டார். மாதாமாதம் என் முகத்தைப் பார்ப்பார், பார்த்துவிட்டுப் பேசாமல் போய்விடுவார். கேட்டிருந்தாலாவது சண்டை போட்டிருப்பேன்.

ஒரு நாள் படுக்கையறை ஜன்னல் மூலையில் ஒரு மண் உருண்டை ஒட்டியிருந்தது. குளவிக் கூடு. ஆனால் வெள்ளை வெளேரென்று இருந்தது. பேட்டையில் ஈரமாகக் கிடக்கிற பீங்கான் மண்ணை அள்ளிக்கொண்டு வந்து அந்தக் குளவி கூடு கட்டியிருக்கிறது. எனக்கு அதெல்லாம் ரசிக்கத் தோன்றவில்லை. துடைப்பத்தை ஓங்கினேன். மாமியார் ஓடி வந்து என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார்.

“கைய வச்சே பாரு! குளவி கூடு கட்டியிருக்குதுடி, குளவி!”

எங்கள் பக்கத்தில் அப்படி ஒரு நம்பிக்கை. வீட்டுக்குள் குளவி கூடு கட்டினால் அந்த வீட்டில் ஒரு பெண் உண்டாவாள். கூட்டைக் கலைத்தால் கருவும் கலையும். மாமியார் அந்த மூலைக்குத் தினமும் ஊதுபத்தி காட்டாத குறைதான். தெருப் பெண்களைக் கூட்டி வந்து காட்டினார். “வெள்ளக் கூடு கட்டியிருக்குது பாரு, செவப்பாப் பொறக்கும் புள்ள” என்றாள் ஒருத்தி. நான் எரிச்சலில் சமையலறைக்குப் போய்ப் பாத்திரங்களை உருட்டினேன்.

ஆனால், என்ன சொல்ல, எனக்கு நாள் தள்ளிப் போனது. டாக்டரம்மா ஸ்கேன் எடுத்துப் பார்த்துவிட்டு நல்லபடியாக இருக்கிறது என்றார். நான் பஸ் ஸ்டாண்டிலேயே அழுதுவிட்டேன். வீட்டுக்கு வந்து சொன்னதும் மாமியார் என்னைப் பார்க்கவில்லை. நேரே படுக்கையறைக்குப் போய் ஜன்னல் மூலையைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டார். எனக்குச் சிரிப்பு வந்தது. கூடவே பொறாமையும் வந்தது. உண்டானது நான், கும்பிடு குளவிக்கா?

அன்றோடு என் ஆயுதங்களைப் பறித்துவிட்டார். வயிற்றுப்பிள்ளைக்காரி எந்த உயிரையும் கொல்லக் கூடாதாம். அவள் புருஷனும் கொல்லக் கூடாதாம். எறும்புச் சாக்பீஸ் பரணுக்குப் போனது. கரப்பான்கள் பட்டப்பகலில் அடுப்புமேடையில் உலாவின. “அத்தே, இதுங்க என் தட்டுலயே வந்து உக்காருதுங்க” என்றேன். “உக்காந்தா என்னாடி, உன் சோத்தையா திங்கப் போவுது?” என்றார். அவை என் சோற்றைத்தான் தின்றன.

பிறகு முருங்கை மரத்தில் அது வந்தது.

பின்கட்டுக் கதவுக்கு எதிரே, துணி உலர்த்துகிற கம்பியைத் தாண்டினால் அந்த முருங்கை மரம். அதன் கிளைக்கவட்டில் எலுமிச்சம்பழம் அளவுக்குப் பழுப்பாக ஒன்று தொங்கியது. குடுவையைக் கவிழ்த்து வைத்தது மாதிரி இருந்தது. ஒரே ஒரு பூச்சி போவதும் வருவதுமாக வேலை செய்துகொண்டிருந்தது. மாமியாருக்குக் கண்ணில் புரை. பிரசவம் முடிந்ததும் ஆபரேஷன் செய்துகொள்கிறேன் என்று தள்ளிப்போட்டிருந்தார். என்னைக் கேட்டார், “ஏ புள்ள, அங்க என்னா அது தொங்குது?”

“குளவி மாதிரி இருக்குது அத்தே. கூடு கட்டுது” என்றேன். நான் டவுனில் வளர்ந்தவள். எனக்கு எல்லாம் குளவிதான்.

“இன்னொரு குளவியா! ரெட்டப் புள்ளையா இருக்கப் போவுதுடி!” என்று மரத்தைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டார். மறுநாள் மரத்தடியில் மஞ்சள், குங்குமம் வைத்திருந்தது. நான் தலையில் அடித்துக்கொண்டேன். தடுக்கவில்லை.

அது எலுமிச்சையிலிருந்து சாத்துக்குடி ஆயிற்று. ஒரு பூச்சி பத்தாயிற்று, பிறகு எண்ண முடியாமல் போயிற்று. என் வீட்டுக்காரர் விடியுமுன் சூளைக்குப் போய்விடுவார். திரும்பி வந்தால் முகம் கழுவவும் தெம்பு இருக்காது. அதனால் பின்பக்கம் அவர் பார்க்கவே இல்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை சாம்பாருக்கு முருங்கைக்காய் பறிக்கத் துரட்டியோடு போனவர், மரத்தடியில் நின்றார், அப்படியே பின்னாலேயே நடந்து வந்தார். முதுகைத் திருப்பவில்லை. முகம் வெளுத்திருந்தது.

“எம்மா, இது குளவி இல்ல. கதண்டு” என்றார்.

கதண்டு என்றால் என்னவென்று எனக்கு அன்றுதான் விளங்கியது. அதுவும் குளவி ஜாதிதான். ஆனால் விரல் பருமன் இருக்கும், வயிற்றில் மஞ்சள் பட்டை. ஒன்று கொட்டினால் காய்ச்சல், கூட்டமாகக் கொட்டினால் ஆள் எழுந்திருக்க முடியாது. பெண்ணாடம் பக்கம் கரும்புக் கொல்லையில் ஒரு ஆளை அது துரத்தித் துரத்திக் கொட்டியதை அவர் சின்ன வயதில் பார்த்திருக்கிறார். அந்தக் கதையை அவர் முழுதாகச் சொல்லவில்லை. என் வயிற்றைப் பார்த்துவிட்டுப் பாதியில் நிறுத்திக்கொண்டார்.

“ஃபயர் ஸ்டேஷன்ல சொன்னா வந்து கொளுத்திட்டுப் போவாங்க. நாளைக்கே சொல்லிடறேன்” என்றார்.

கதண்டு என்ற சொல் காதில் விழுந்ததுமே மாமியார் தரையில் உட்கார்ந்துவிட்டிருந்தார். கருவேப்பிலங்குறிச்சியில் பிறந்து வளர்ந்தவர், கதண்டு என்றால் என்னவென்று அவருக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. கண் மட்டும் சரியாக இருந்திருந்தால் முதல் நாளே கண்டுபிடித்திருப்பார். ஆனால் எழுந்தபோது அவர் சொன்னது வேறு.

“கொளுத்தக் கூடாது.”

“எம்மா, புரிஞ்சுதான் பேசறியா?”

“எல்லாம் புரியுது. குளவின்னு வாயால சொல்லியாச்சு. மஞ்ச, குங்குமம் வச்சுக் கும்பிட்டாச்சு. இனிமே அது என்ன பூச்சியா இருந்தா என்ன? இந்தப் புள்ளையோட சேத்துக் கட்டியாச்சுடா. பிரசவம் ஆவட்டும், அப்புறம் கொளுத்திக்க.”

என் வீட்டுக்காரர் கத்திவிட்டு வெளியே போய்விட்டார். நானும் சண்டைக்கு வரிந்துகட்டிக்கொண்டேன். ஆனால் மாமியார் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, அதுவரை யாரிடமும் சொல்லாத ஒன்றைச் சொன்னார். என் வீட்டுக்காரருக்கு முன்னால் அவருக்கு ஒரு பிள்ளை. நிறைமாதமாக இருந்தபோது மாமனார் கொல்லைப் புளியமரத்துத் தேன்கூட்டைப் புகை போட்டுக் கலைத்தாராம். கலைத்த வாரத்தில் வலி எடுத்திருக்கிறது.

“புள்ள பொறந்துச்சு. கையி, காலு, மூக்கு எல்லாம் ஒழுங்கா இருந்துச்சு. அழவே இல்லடி” என்றார். அவ்வளவுதான் சொன்னார். எழுந்து போய் அரிசி களைய ஆரம்பித்துவிட்டார்.

இருட்டியதும் வீட்டுக்காரர் திரும்பி வந்து என் முகத்தைப் பார்த்தார். நான் ஒரு வார்த்தை சொன்னால் போதும், கொளுத்திவிடுவார் என்று எனக்குத் தெரியும். நான் டிகிரி படித்தவள். தேன்கூட்டுக்கும் பிள்ளைக்கும் சம்பந்தமில்லை என்று தெரியாதா எனக்கு? ஆனால் ஒருதரம் இழந்தவளின் பயம் படிப்பையெல்லாம் கேட்காது. “இருக்கட்டுங்க. பிரசவம் ஆவட்டும்” என்றேன்.

அப்படித்தான் நாங்கள் மூன்று பேரும் அதற்கு அடங்கி வாழ ஆரம்பித்தோம். அது தேங்காய் ஆயிற்று, பிறகு சோற்றுப்பானை ஆயிற்று. என் வயிறும் அதுவும் போட்டி போட்டுக்கொண்டு வளர்ந்தன. காலையில் பின்கதவைத் திறக்குமுன் ஜன்னல் வழியாக அதைப் பார்ப்போம். கக்கூஸ் பின்பக்கம்தான் இருந்தது, போகாமல் முடியாது. சுவரை ஒட்டிப் பூனை மாதிரி நடந்து போய் வருவேன். பின்பக்க லைட்டின் பல்பைக் கழற்றியாகிவிட்டது. வேப்பிலைப் புகை கிடையாது. அம்மியில் அரைப்பதில்லை, மிக்ஸியும் முன்னறையில்தான். துணிக்கம்பியைக் கழற்றி முன்பக்கம் கட்டினோம். வீட்டுக்குள்ளேயே மெதுவாகப் பேசப் பழகிவிட்டோம். என்னைப் போல ஒருத்தி மெதுவாகப் பேசுவதென்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

மத்தியானத்தில் எல்லாம் அடங்கியிருக்கும்போது அந்தச் சத்தம் கேட்கும். சூளைக்குக் காற்று தள்ளுகிற மோட்டார் தூரத்தில் ஓடுவது மாதிரி ஒரே சீராக இருக்கும். முதலில் பேட்டைச் சத்தம் என்றுதான் நினைத்தேன். ஒரு லீவு நாளில் பேட்டை முழுக்க நின்றிருந்தது, சத்தம் மட்டும் நிற்கவில்லை.

பக்கத்து வீட்டுக் கோழி ஒன்று எங்கள் முருங்கையடியில் கிளறப் போனது. திரும்பி வரவில்லை. சாயங்காலம் பார்த்தால் வீங்கிக் கிடந்தது. அந்த வீட்டுக்காரி வாசலில் நின்று, “புள்ளத்தாச்சிய வச்சிக்கினு எமனுக்குச் சோறு போடறீங்களேடி, உங்களுக்கு அறிவிருக்குதா?” என்று கேட்டாள். யாருக்கும் பதில் சொல்லத் தெரிந்த என் மாமியார் அன்று கோழியைக் குழி தோண்டிப் புதைத்தார்.

மீன் கழுவினால் கதண்டுகள் ஒவ்வொன்றாகச் சமையலறைக்கே வர ஆரம்பித்தன. மீனை நிறுத்தினோம். ஒருநாள் நான் கீரை ஆய்ந்துகொண்டிருந்தபோது ஒன்று உள்ளே வந்து, சுற்றிப் பார்த்து, சரியாக என் வயிற்றின்மேல் புடவைக் கொசுவத்தில் உட்கார்ந்தது. “அசையாத. கண்ணக்கூட சிமிட்டாத” என்று மாமியார் எதிரிலிருந்து முணுமுணுத்தார். அது கொசுவத்தின் மேல் மெதுவாக நடந்தது. வயிற்றுக்குள்ளிருந்து பிள்ளை ஒரு உதை விட்டது. அந்த இடத்தில்தான் அது நின்றிருந்தது. கொஞ்ச நேரம் அப்படியே நின்றது, பிறகு எழும்பிப் பறந்துபோயிற்று. நான் கீரைத்தட்டிலேயே வாந்தி எடுத்தேன். மாமியார் என் முதுகைத் தடவிவிட்டுக்கொண்டே, “ஒண்ணும் பண்ணல பாரு, ஒண்ணும் பண்ணல” என்றார்.

வளைகாப்புக்கு நாள் குறித்தாகிவிட்டது. அது முடிந்ததும் நான் என் அம்மா வீட்டுக்குப் போய்விடுவேன். அதுவரை ஓட்டிவிட்டால் போதும் என்று பல்லைக் கடித்துக்கொண்டிருந்தோம். ஐப்பசி பிறந்துவிட்டது. முன்பக்கம் நிழலாகவே இருந்ததால் துணி எதுவும் காயவில்லை. பிள்ளைக்கென்று பழைய வேட்டிகளைக் கிழித்துத் துவைத்து வைத்திருந்தார் மாமியார். ஈரவாடை அடிக்கிறது என்று அன்று மட்டும் பின்பக்கச் சுவரில் வெயிலில் போட்டார்.

மத்தியானத்துக்குமேல் வானம் கறுத்தது. மழைக்கு முந்திய காற்று ஒன்று பேட்டைத் தூசியை வாரிக்கொண்டு வந்தது. “ஐயய்யோ, புள்ள துணி!” என்று மாமியார் பின்பக்கம் ஓடினார். நானும் எழுந்து போய்ப் பின்வாசல் படியில் நின்றேன். “நீ வராத, உள்ள போ” என்று சொல்லிக்கொண்டே ஒவ்வொரு துண்டாக எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டிருந்தார்.

முருங்கைக் கிளைக்கு எப்போதுமே வலு கிடையாது. அத்தனை பெரிய பானையைச் சுமந்துகொண்டு காற்றிலும் ஆடினால்? மளுக்கென்று ஒரு சத்தம் கேட்டது. கிளை ஒடிந்து கீழே வந்தது. கூடு தரையில் மோதி வாயைப் பிளந்தது.

எனக்கும் அவருக்கும் நடுவில் நாலைந்து அடி தூரம்தான். ஓடி வந்து உள்ளே நுழைந்திருக்கலாம், நேரம் இருந்தது. ஓடியும் வந்தார். நான் கையை நீட்டினேன். அவர் என் கையைத் தட்டிவிட்டு, என் தோளில் கை வைத்து உள்ளே தள்ளி, கதவை இழுத்துச் சாத்தினார். வெளிப்பக்க நாதாங்கி விழுகிற சத்தம் கேட்டது.

நான் கதவை இரண்டு கையாலும் குத்தினேன். “அத்தே! உள்ள வாங்க! கதவத் தொறங்க அத்தே!”

“நான் வந்தா அதுங்களும் வருண்டி! ஜன்னலச் சாத்து! மொதல்ல ஜன்னலச் சாத்து!”

அதற்குப் பிறகு அவர் குரல் கதவுப் பக்கத்தில் இல்லை. அங்கிருந்து ஓடியிருக்கிறார். வாசல் பக்கமாக ஓடாமல், உடைந்த பொம்மை அச்சுகள் குவிந்து கிடக்கிற பேட்டைச் சுவர்ப் பக்கமாக ஓடியிருக்கிறார். நான் ஜன்னலைச் சாத்தினேன். சாத்திய கண்ணாடியில் அவை வந்து வந்து மோதின, கல் விட்டு அடிப்பது மாதிரி.

முன்வாசல் வழியாக ஓடிய என்னைத் தெருக்காரர்கள் பிடித்து வைத்துக்கொண்டார்கள். நனைத்த சாக்கைப் போர்த்திக்கொண்டு இரண்டு பேர் போய் அவரைத் தூக்கி வந்தார்கள். பிள்ளைத் துணி முழுக்க அவர் முகத்தின்மேல் சுற்றியிருந்தது. கைகளையும் கால்களையும் மறைக்க அது போதவில்லை. நூற்றியெட்டு வந்து ஏற்றிக்கொண்டு போனது. இங்கே முடியாது என்று சொல்லிப் புதுச்சேரிக்கு அனுப்பினார்கள். விஷம் கிட்னியைப் பிடித்துக்கொண்டது, மூத்திரம் போகவில்லை என்று அங்கே டாக்டர் சொன்னார்.

மறுநாள் பொழுது சாயும்போது தீயணைப்பு வண்டி வந்தது. பிளந்த கூட்டில் இன்னும் ஆயிரம் உயிர் மொய்த்துக்கொண்டிருந்தது. என் வீட்டுக்காரர் அவர்களைக் காக்க வைத்துவிட்டு என்னிடம் வந்தார். அழுது அழுது முகம் வீங்கியிருந்தது. “கொளுத்தச் சொல்லட்டுமா?” என்று கேட்டார். இந்தக் கேள்விக்கு வீட்டில் பதில் சொல்ல வேண்டியவர் ஆஸ்பத்திரியில் கிடந்தார்.

“கொளுத்துங்க” என்றேன்.

எரிந்து முடிந்ததும் ஒருத்தர் கரிந்த அடையொன்றைக் குச்சியில் தூக்கிக் காட்டினார். அறை அறையாக இருந்தது. ஒவ்வொரு அறையிலும் வெள்ளையாக ஒரு குஞ்சு சுருண்டு கிடந்தது. நான் பார்த்திருக்கக் கூடாது. அன்று ராத்திரி முழுவதும் என் வயிற்றில் அசைவே இல்லை. விடிந்த பிறகும் இல்லை. தண்ணீர் குடித்தேன், இடது பக்கம் சாய்ந்து படுத்தேன், வயிற்றைத் தட்டிப் பேசிப் பார்த்தேன். யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் உண்மையாகிவிடும் என்று பயமாக இருந்தது. அந்த பயத்தோடு பஸ் ஏறிப் புதுச்சேரிக்குப் போனேன். அவரை ஒருதரம் பார்த்துவிட்டு அங்கேயே டாக்டரிடம் என்னையும் காட்டிவிடலாம் என்று இருந்தேன்.

மாமியாரை அடையாளமே தெரியவில்லை. கண் இரண்டும் வீங்கி மூடியிருந்தன. கையில் வளையலை வெட்டி எடுத்திருந்தார்கள். என் குரல் கேட்டதும் உதடு அசைந்தது.

“கூடு?”

“இருக்குது அத்தே.”

“கெளை ஒடிஞ்சுதே…”

“கெளைதான் ஒடிஞ்சுது. கூட்டுக்கு ஒண்ணும் ஆவல. அப்படியே எடுத்து மரத்தடியில வச்சிருக்குது. ஒருத்தரும் கிட்ட போவல.”

என் வாயிலிருந்து அப்படி ஒரு பொய் அவ்வளவு சுளுவாக வரும் என்று நான் நினைக்கவில்லை. அவர் நெஞ்சு ஏறி இறங்கியது. “பிரசவம் ஆவட்டும். அதுவரைக்கும் கைய வைக்காதீங்க” என்றார். பிறகு கையைத் துழாவினார். நான் அதை எடுத்து என் வயிற்றின்மேல் வைத்துக்கொண்டேன். கனமாக, கொதிக்கக் கொதிக்க இருந்தது. எவ்வளவு நேரம் அப்படி நின்றேன் என்று தெரியவில்லை. அந்தக் கைக்கு அடியில், நேற்றிலிருந்து செத்த மாதிரி கிடந்த பிள்ளை ஒருதரம் புரண்டது.

“ஒதைக்குதுடி” என்றார் மாமியார். நான் வார்டென்றும் பார்க்காமல் ஓவென்று அழுதேன். அவர் அதற்குப் பிறகு என்னிடம் பேசவில்லை. அந்த வாரமே போய்விட்டார்.

எனக்குப் பெண் பிறந்தாள். கூட்டை எரித்த பிறகுதான் பிறந்தாள், நல்லபடியாகப் பிறந்தாள். பிறந்ததும் வார்டே திரும்பிப் பார்க்கும்படி கத்தினாள். என் வாய் அப்படியே வந்திருக்கிறது என்கிறார்கள். இப்போது துடைப்பம் மறுபடியும் என் கையில்தான் இருக்கிறது. முருங்கை மரத்தை வேரோடு வெட்டியாகிவிட்டது.

எனக்கு ஒன்றுதான் ஆறவில்லை. “பாத்தீங்களா அத்தே, கூட்டக் கொளுத்தியும் புள்ளைக்கு ஒண்ணும் ஆவல, எல்லாம் உங்க மூடநம்பிக்கை” என்று நான் அந்த அம்மாவிடம் மூஞ்சிக்கு நேரே சொல்லிக் காட்ட வேண்டும். அதற்கு அவர், “நான் வெளியில தாப்பா போட்டதால பொழச்சுது உன் புள்ள, வாய மூடுடி” என்று சொல்ல வேண்டும். நான் வாயை மூடிக்கொள்ள வேண்டும். இத்தனை வருஷத்தில் எங்கள் இரண்டு பேருக்கும் மிச்சமிருந்த சண்டை இது ஒன்றுதான், அதைப் போட எனக்கு ஆளில்லை.